‘இயேசு’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு மாலைகளில் எங்கள் ஆலயத்தில் ஒரு சிறிய வேதபாட வகுப்பு நடத்துகிறேன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினான். அதில் ஒரு காணொளி. ‘இயேசு’ என்பது கிரேக்கக் கடவுள் ஜீயஸின் பெயர் என்றும், எபிரெயப் பெயரைச் சொல்லாதவர்களின் ஜெபம் கேட்கப்படாது என்றும் ஒருவர் ஓங்கிப் பேசிக்கொண்டிருந்தார். பையனின் முகத்தில் இருந்தது உண்மையான பயம். “அண்ணா, எங்கள் ஆச்சி எண்பது வருஷம் இந்தப் பெயரைச் சொல்லித்தானே ஜெபம் செய்தார்கள்?” என்று கேட்டான். அன்றைக்கு அவனுக்குச் சொன்னவையும், பிறகு மற்றவர்கள் கேட்டவற்றுக்குச் சொன்னவையும் இங்கே இருக்கின்றன. வேத வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பின் நடையிலேயே தருகிறேன். பலருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

‘இயேசு’ எந்த மொழிப் பெயர்?

பிறப்பால் எபிரெயப் பெயர். நம் கைக்கு வந்தது கிரேக்கத்தின் வழியாக. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் 900 தடவைக்கும் மேல் வரும் வடிவம் ‘இயேசூஸ்’. அதற்கு முந்தியது ‘யேஷுவா’. அதற்கும் முந்தியது ‘யெஹோஷுவா’.

யெஹோஷுவா என்றால் என்ன பொருள்?

இரண்டு துண்டுகள் சேர்ந்த பெயர் இது. முன்னால் இருக்கும் ‘யெஹோ’, இஸ்ரவேலரின் தேவனுடைய திருப்பெயரின் சுருக்கம். நாம் யெகோவா என்றும் யாவே என்றும் படிக்கிறோமே, அதுதான். இந்தத் துண்டு வேறு பல பெயர்களிலும் உண்டு. யோனத்தான் என்றால் ‘கர்த்தர் கொடுத்தார்’. யோவான் என்றால் ‘கர்த்தர் கிருபை செய்தார்’.

இரண்டாம் துண்டு யோத், ஷின், அயின் என்ற மூன்று எழுத்துகளால் ஆன வேரைச் சேர்ந்தது. அகராதியில் அதற்கு ‘இரட்சித்தல், விடுவித்தல்’ என்று பொருள் போட்டிருக்கும். அது சரிதான். ஆனால் ‘இரட்சிப்பு’ என்ற சொல் நம் காதில் இப்போது ஆலயத்துக்குள் மட்டும் ஒலிக்கும் சொல்லாகிவிட்டது. எபிரெயத்தில் அந்த வேர் கிணற்றங்கரையிலும் புழங்கியது.

யாத்திராகமம் 2-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மீதியான் தேசத்து ஆசாரியனின் ஏழு குமாரத்திகள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட வருகிறார்கள். தொட்டிகளை அவர்கள் நிரப்பி வைத்த பிறகு மேய்ப்பர்கள் வந்து அவர்களைத் துரத்துகிறார்கள். எகிப்திலிருந்து தப்பி ஓடிவந்து அங்கே உட்கார்ந்திருந்த மோசே “எழுந்திருந்து, அவர்களுக்குத் துணைநின்று” ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினான் என்று 17-ஆம் வசனம் சொல்கிறது. இங்கே ‘துணைநின்று’ என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது இதே வேர். இளைத்தவரைப் பலத்தவர் விரட்டும்போது எழுந்து நடுவில் போய் நிற்பது: வேரின் உயிர் அதில்தான் இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அந்த இடத்தில் ‘துணைநின்று’ என்ற சொல்லைத் தேர்ந்ததை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

ஆகவே ‘கர்த்தர் இரட்சிக்கிறார்’, ‘கர்த்தரே இரட்சிப்பு’ என்றெல்லாம் சொல்லலாம். இது பிற்காலத்தில் ஏற்றிச் சொன்ன விளக்கமும் அல்ல. இயேசுவின் காலத்திலேயே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, நூனின் குமாரனுடைய பெயருக்கு ‘கர்த்தருடைய இரட்சிப்பு’ என்றே பொருள் எழுதியிருக்கிறார்.

நூனின் குமாரன் என்றால் யோசுவா அல்லவா? யோசுவாவும் இயேசுவும் ஒரே பெயரா?

ஆம், ஒரே பெயர்தான். நம் வகுப்பில் பலருக்கும் வியப்பைத் தந்தது இந்த ஒரு விஷயமே.

யோசுவாவுக்கு முதலில் இருந்த பெயர் ஓசேயா. எண்ணாகமம் 13:16-இல் மோசே அதை மாற்றி யோசுவா என்று பேரிடுகிறார். ‘மீட்பு’ என்ற சொல்லின் முன்னால் தேவனுடைய பெயரைச் சேர்க்கிறார்; மீட்பு யாரிடமிருந்து வருகிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்தப் பெயரை ‘இயேசூஸ்’ என்று எழுதினார்கள். எனவே கிரேக்க வேதத்தைப் படிக்கும் ஒருவருக்கு எரிகோவைச் சுற்றி வந்தவரும் நாசரேத்திலிருந்து வந்தவரும் ஒரே பெயர் உடையவர்கள். நமக்கு அப்படித் தெரியாததற்குக் காரணம், தமிழ் வேதாகமத்தின் பழைய ஏற்பாடு எபிரெயத்திலிருந்தும் புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்தும் பெயர்க்கப்பட்டதுதான். எபிரெய வழியில் வந்தவர் யோசுவா ஆனார். கிரேக்க வழியில் வந்தவர் இயேசு ஆனார்.

இந்த இரண்டு வழிகளும் முட்டிக்கொள்ளும் இடம் எபிரெயர் 4:8. “யோசுவா அவர்களை இளைப்பாறுதலுக்குட்படுத்தியிருந்தால்” என்று நாம் படிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் ‘இயேசூஸ்’. 1611-இல் வெளியான ஆங்கில வேதாகமம் அதை அப்படியே இயேசு என்று போட்டுவிட்டதால் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகக் குழம்பினார்கள். அப்போஸ்தலர் 7:45-இலும் அதே கதைதான். தமிழ்ப் பெயர்ப்பாளர்கள் இரண்டு இடங்களிலும் யோசுவா என்று தெளிவாக எழுதினார்கள். தெளிவு கிடைத்தது, ஒரு நயம் போயிற்று. இளைப்பாறுதலுக்குள் மக்களை நடத்திச் செல்லும் இரண்டு பேரையும் ஒரே பெயரால் அழைத்து ஒப்பிடுகிறது அந்த நிருபம். தமிழில் அந்த ஒப்புமை கண்ணில் படுவதே இல்லை.

யெஹோஷுவா எப்படி யேஷுவா ஆனது?

பேச்சில் தேய்ந்து. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் எழுதப்பட்ட எஸ்றா, நெகேமியா, நாளாகமப் புத்தகங்களில் குறுகிய வடிவம் வருகிறது. ஒரே ஆளின் பெயரில் இதை நேரடியாகக் காணலாம். சிறையிருப்பிலிருந்து திரும்பியபோது பிரதான ஆசாரியனாக இருந்தவரை ஆகாய் தீர்க்கதரிசி நீண்ட வடிவத்தில் அழைக்கிறார். எஸ்றாவோ குறுகிய வடிவத்தில் அழைக்கிறார். தமிழிலும் ஆகாயில் யோசுவா, எஸ்றாவில் யெசுவா. இருவரும் ஒரே மனிதர். நெகேமியா 8:17 நூனின் குமாரனையே யேஷுவா என்று எழுதுகிறது. ஆகவே குறுகிய பெயரும் வேதத்துக்குள்ளேயே இருக்கிற பெயர். யாரும் வெளியிலிருந்து சிதைத்ததன்று.

யேஷுவா எப்படி இயேசூஸ் ஆனது?

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிரேக்கமே பேச்சு மொழியாகிவிட்டிருந்தது. பெயர்களைக் கிரேக்க எழுத்தில் எழுத வேண்டிய தேவை அங்கேதான் வந்தது. எழுத்து எழுத்தாகப் பார்ப்போம்.

முதல் எழுத்து யோத், ‘ய’ ஒலி. கிரேக்கத்தில் அதற்கு இயோட்டா, ‘இ’. அடுத்து ‘ஏ’ உயிர். கிரேக்கத்தில் ஏட்டா என்ற எழுத்து அப்படியே பொருந்தியது. மூன்றாவது ஷின், ‘ஷ’ ஒலி. கிரேக்கத்தில் ‘ஷ’ கிடையாது, சிக்மாதான் உண்டு. எனவே ‘ஸ’ ஆனது. பிறகு ‘ஊ’. கிரேக்கர் அதை ஒமிக்ரான், உப்சிலான் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். கடைசியில் அயின். இது தொண்டையின் அடியில் பிறக்கும் ஒரு மெய். அதைச் சொல்ல வசதியாக முன்னால் ஒரு மெல்லிய ‘அ’ வந்து ஒட்டிக்கொள்ளும். யேஷுவாவின் கடைசி ‘வா’ நம் காதில் அப்படி விழுவதற்குக் காரணம் அதுவே. கிரேக்கத்தில் தொண்டை மெய்க்கு எழுத்தே இல்லை. அயின் போனதும் அதைத் தாங்கி நின்ற ‘அ’வும் போயிற்று. மிஞ்சியது ‘இயேசூ’. அதன் மேல் ஆண்பால் பெயர்களுக்குரிய எழுவாய் விகுதி ‘ஸ்’ ஏறியது.

தமிழர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. தமிழ் நெடுங்கணக்கில் இல்லாத ஒலியோடு ஒரு பெயர் வந்தால் நாமும் இதைத்தான் செய்கிறோம். லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கினோம், விபீஷணனை வீடணன் ஆக்கினோம். அதை யாரும் அவமதிப்பு என்று சொல்வதில்லை.

அந்த ‘ஸ்’ தமிழில் ஏன் இல்லை?

அது பெயரின் பகுதி அல்ல, நம் வேற்றுமை உருபு போன்றது. கிரேக்கத்தில் ‘இயேசு வந்தார்’ என்றால் இயேசூஸ். ‘இயேசுவைக் கண்டார்கள்’ என்றால் இயேசூன். ‘இயேசுவின்’ என்றாலும், ‘இயேசுவே’ என்று விளித்தாலும் இயேசூ. லத்தீனிலும் விளிக்கும்போது ‘இயேசு’தான். நாம் அன்றாடம் சொல்லும் வடிவம், அந்த மொழிகளில் அவரை நேரே கூப்பிடும் வடிவத்தோடு ஒத்துப்போகிறது. லூக்கா 17:13-இல் பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று “இயேசுவே, ஐயரே, எங்களுக்கு இரங்கும்” என்று கூப்பிடும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பதும் ‘இயேசூ’தான்.

ஜீயஸ் என்ற கிரேக்கக் கடவுளின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்களே?

இல்லை. உறுதியாக இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். பலரைப் பயமுறுத்தியிருப்பது இதுதான்.

முதலாவது, எழுத்து. ஜீயஸின் பெயர் ஜீட்டா என்ற வேறொரு எழுத்தில் தொடங்குகிறது. அதன் உயிரும் வேறு. அதைவிட, வேற்றுமை ஏற்கும்போது அந்தப் பெயர் முழுவதுமாக மாறிவிடும்: ‘ஜீயஸின்’ என்பதற்கு ‘தியோஸ்’, ‘ஜீயஸை’ என்பதற்கு ‘தியா’. அப்போஸ்தலர் 14:12-இல் லீஸ்திரா ஊரார் பர்னபாவைத் தங்கள் பெரிய கடவுள் என்று எண்ணுகிறார்களே, தமிழில் யூப்பித்தர் என்று வருகிறதே, அங்கே லூக்கா எழுதிய சொல் ‘தியா’. இரண்டு பெயர்களையும் ஒரே புத்தகத்தில் எழுதிய லூக்காவுக்கு அவை இரண்டும் ஒன்றாகத் தெரியவில்லை.

இரண்டாவது, ‘ஸ்’ என்று முடிவதால் மட்டும் ஜீயஸ் ஆகிவிடாது. யோனாவைக் கிரேக்கர் இயோனாஸ் என்றார்கள். யூதாவை இயூதாஸ் என்றார்கள். அவர்களுக்கும் ஜீயஸுக்கும் என்ன உறவு?

மூன்றாவது, வரலாறு. இயேசூஸ் என்ற வடிவம் நாசரேத்தூர் இயேசு பிறப்பதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே யூதர்களின் கைகளால் எழுதப்பட்டுவிட்டது. கி.மு. 167-இல் அந்தியோக்கு அரசன் எருசலேம் ஆலயத்தை ஜீயஸுக்கு உரியதாக்கியபோது ஆயுதம் எடுத்துப் போராடிய இனம் அது. தங்கள் முன்னோரில் பெரியவரான யோசுவாவின் பெயருக்குள் அந்த விக்கிரகத்தின் பெயரை அவர்களே நுழைத்தார்கள் என்று எப்படி நம்புவது?

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்று இதற்கு நல்ல சாட்சி. அந்தியோக்குக்குப் பணம் கொடுத்துப் பிரதான ஆசாரியப் பட்டத்தை வாங்கி, எருசலேமிலேயே கிரேக்க உடற்பயிற்சிக் கூடம் கட்டிய ஒருவர் இருந்தார். அவருடைய பெயரும் இயேசூஸ்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். கிரேக்கராகவே மாற விரும்பிய அவர் அந்தப் பெயரை விட்டுவிட்டு ‘இயாசோன்’ என்ற அசல் கிரேக்கப் பெயரைச் சூட்டிக்கொண்டார். இயேசூஸ் என்பது கிரேக்கக் காதுக்கு யூத வாடை அடிக்கும் பெயராக இருந்ததால்தானே அவர் அதைக் கழற்றிப் போட்டார்?

அந்தக் காலத்தில் வேறு யாருக்காவது இந்தப் பெயர் இருந்ததா?

நிறையப் பேருக்கு. மிகச் சாதாரணமான பெயர் அது. நம் ஊரில் முருகன், அந்தோணி என்பதைப் போல. இறந்தவர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த அந்தக் காலத்துக் கல்பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் பெயர். 1931-இல் எருசலேம் தொல்லியல் அறிஞர் சுகேனிக் ‘யோசேப்பின் மகன் யேஷுவா’ என்று பொறித்த பெட்டி ஒன்றைப் பற்றி அறிவித்தபோது உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. இரண்டு பெயர்களும் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்தவை என்பதை அறிந்தவர்கள் அமைதியாகவே இருந்தார்கள்.

புதிய ஏற்பாட்டிலேயே வேறு இயேசுக்கள் உண்டு. கொலோசெயர் 4:11-இல் பவுலோடு இருந்த ‘யுஸ்து என்னப்பட்ட இயேசு’ வாழ்த்துதல் சொல்லி அனுப்புகிறார். அப்போஸ்தலர் 13-இல் சீப்புருத் தீவின் பாப்போ பட்டணத்தில் எதிர்ப்படும் மாயவித்தைக்காரனின் பெயர் பர்யேசு, அதாவது ‘இயேசுவின் மகன்’.

யோசேப்பஸ் சொல்லும் இயேசுக்களில் ஒருவரை என்னால் மறக்கவே முடியவில்லை. அனனியாவின் மகன் இயேசு, படிப்பில்லாத ஒரு கிராமத்து உழவர். ரோமரோடு யுத்தம் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், கூடாரப் பண்டிகைக்கு எருசலேமுக்கு வந்தவர், திடீரென்று “எருசலேமுக்கு ஐயோ!” என்று கூவத் தொடங்கினார். அதிகாரிகள் பிடித்து அடித்தார்கள். ரோம ஆளுநரிடம் கொண்டுபோனார்கள்; எலும்பு தெரியுமளவுக்குச் சாட்டையால் அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் அதே ஓலம்தான். ஏழு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டே இருந்தார். முற்றுகையின்போது மதில்மேல் நின்று “எனக்கும் ஐயோ!” என்று அவர் சொன்ன கணத்தில், ரோமரின் கவண் பொறியிலிருந்து வந்த கல் அவர்மேல் விழுந்தது. ‘கர்த்தர் இரட்சிக்கிறார்’ என்று பெயர் வைத்திருந்த மனிதர் அவர்.

இத்தனை பேருக்கு இருந்த பெயர் என்பதால்தான் சுவிசேஷங்களில் ‘நசரேயனாகிய இயேசு’ என்று ஊரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பரபாசின் பெயரும் இயேசு என்பது உண்மையா?

பரபாஸ், இயேசுவுக்குப் பதிலாகப் பிலாத்து விடுதலை செய்த கைதி. மத்தேயு 27:16, 17 வசனங்களின் சில பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளிலும் பழைய சீரிய மொழிப் படி ஒன்றிலும் ‘இயேசு பரபாஸ்’ என்றே இருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இதைக் கவனித்தார். பாவி ஒருவனுக்கு அந்தப் பெயர் தகாது என்று கருதினார். என் கருத்தில், அதுவே அந்த வாசிப்பு மூலத்தில் இருந்தது என்பதற்குச் சான்று. பக்தியுள்ள எந்த எழுத்தரும் இல்லாத பெயரைக் கொலைகாரனுக்குச் சேர்த்திருக்க மாட்டார். இருந்ததை எடுத்துவிட ஆசைப்பட்டிருப்பார். பரபாஸ் என்பதற்கு ‘அப்பாவின் மகன்’ என்று பொருள். அப்படிப் படித்தால் பிலாத்து கேட்டது, “உங்களுக்கு எந்த இயேசு வேண்டும்?” என்ற கேள்வி.

தேவதூதன் சொன்ன காரணம் ஏன் பொருந்தாததுபோல் தெரிகிறது?

மத்தேயு 1:21: “அவருக்கு இயேசு என்று பேரிடுவாயாக, ஏனெனில் அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்.” இந்த ‘ஏனெனில்’ தமிழில் அந்தரத்தில் நிற்கிறது. இயேசு என்ற ஒலிக்கும் இரட்சிப்பார் என்ற ஒலிக்கும் தொடர்பு இல்லை. கிரேக்கத்திலும் இல்லை. எபிரெயத்தில் சொல்லிப் பாருங்கள்: யேஷுவா என்று பேரிடு, ஏனெனில் அவர் ‘யோஷியா’, இரட்சிப்பார். ஒரே வேர். பெயரைச் சொன்னதுமே காரணம் கேட்டுவிடுகிறது.

இரண்டு வசனம் தள்ளி வரும் இம்மானுவேல் என்ற பெயருக்கு மத்தேயு “தேவன் நம்மோடிருக்கிறார் என்று அர்த்தமாம்” என்று விளக்கம் எழுதுகிறார். இயேசு என்ற பெயருக்கு எழுதவில்லை. அவருடைய முதல் வாசகர்களுக்கு அது தெரிந்தே இருந்தது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். நமக்குத் தெரியாது, ஆகவே ஞாயிறுபள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மொழி மாறும்போது ஏற்படும் இந்த இழப்பை வாய்விட்டுச் சொன்ன ஒரு பேரன் உண்டு. சீராக்கின் ஞானம் என்ற நூலை எழுதியவரின் பெயரும் இயேசு. கி.மு. 132-இல் எகிப்துக்கு வந்த அவருடைய பேரன், தாத்தா எபிரெயத்தில் எழுதியதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். எபிரெயத்தில் சொன்னவை வேறு மொழியில் போடும்போது அதே வலிமையோடு இருப்பதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்னுரையில் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறார். அந்த நூலின் 46-ஆம் அதிகாரம், நூனின் மகன் தன் பெயருக்கு ஏற்ப மக்களுக்கு மீட்பு தந்தவர் என்று புகழ்கிறது. பேரன் அதைப் பெயர்த்தபோது, கிரேக்கத்தில் அந்தப் பெயர் ஒன்றும் பேசவில்லை என்பதைக் கண்டிருப்பார்.

தமிழில் இதற்கு வேறொரு வழியைக் காட்டியவர் வீரமாமுனிவர். யோசேப்பு என்றால் ‘பெருகச் செய்வார்’ என்று பொருள். தேம்பாவணியில் அவர் யோசேப்பை ‘வளன்’ ஆக்கினார். ஒலியை விட்டுவிட்டுப் பொருளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இரண்டெழுத்து மூன்றெழுத்துப் பெயரில் இவ்வளவு செய்ய முடியும் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியமே.

மரியாள் தம் மகனை எப்படிக் கூப்பிட்டிருப்பார்?

யேஷுவா என்று. கலிலேயாவின் பேச்சில் கடைசித் தொண்டை ஒலி இன்னும் மெலிந்திருக்கலாம். கலிலேயர் தொண்டை எழுத்துகளைச் சரியாகச் சொல்லமாட்டார்கள் என்று தெற்கத்தியார் கேலி செய்த கதை, யூத ரபிமாரின் போதனைகளைத் தொகுத்த தல்மூதில் இருக்கிறது. கலிலேயன் ஒருவன் ‘அமார்’ வேண்டும் என்று கேட்க, “ஏறிப்போகக் கழுதையா, குடிக்கத் திராட்சரசமா, உடுக்கக் கம்பளியா, அறுக்க ஆட்டுக்குட்டியா?” என்று திருப்பிக் கேட்டார்களாம். அந்த நான்கு சொற்களையும் பிரித்துக் காட்டுவது தொண்டை எழுத்துகளும் உயிரொலிகளும்தான். அவன் வாயில் நான்கும் ஒன்று. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் இந்தப் பேச்சுதான்.

சேசு, ஏசு, ஈசோ, ஈசா: இவையெல்லாம்?

எல்லாம் அதே பெயர். வந்த பாதை வேறு. சேசு போர்த்துகீசியர் வழியாகக் கத்தோலிக்கத் தமிழுக்கு வந்தது. சேசு சபை என்ற பெயரிலும், ‘சேசு மரி சூசை’ என்று பெரியவர்கள் வாயில் வரும் கூப்பாட்டிலும் இன்றும் வாழ்கிறது. கேரளத்துச் சீரிய மரபினர் சொல்லும் ஈசோ, கிழக்குச் சீரியத்தின் ‘ஈஷோ’. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் ‘யசூ’ என்பார்கள். அதில் அயின் இன்னும் உயிரோடு இருக்கிறது. குர்ஆனில் வருவது ஈசா. நம் முஸ்லிம் நண்பர்கள் ஈசா நபி என்று மரியாதையோடு சொல்வது இவரைத்தான்.

‘ஏசு’ என்று எழுதுவோரும் உண்டு. தவறென்று சொல்லமாட்டேன். தமிழில் ஏசு என்றால் ‘திட்டு’ என்றும் பொருள் வருவதால், முன்னால் ஓர் ‘இ’ போட்டு எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. கிரேக்கத்திலும் முதல் எழுத்து ‘இ’தானே.

ஈசன் என்ற சொல்லோடு தொடர்பு உண்டா?

இல்லை. ஈசன், ‘ஆள்பவன்’ என்ற பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

500 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் ‘ஜே’ எழுத்தே இல்லை. ஆகவே பெயர் பொய் என்கிறார்களே?

‘ஐ’, ‘ஜே’ இரண்டும் ஒரே எழுத்தின் இரு வடிவங்களாக இருந்து 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பிரிந்தவை. அது ஆங்கில எழுத்தின் வரலாறு. ‘இ’யில் தொடங்கும் தமிழ்ப் பெயரை அது தொடவே இல்லை.

பீடத்தில் பொறித்திருக்கும் ‘ஐ எச் எஸ்’ என்றால் என்ன?

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஆலயத்தின் பீடத்தில் சூரியக் கதிர்களுக்கு நடுவே இந்த மூன்று எழுத்துகளும் பொன்னிறத்தில் இருக்கின்றன. மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்து என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அவை கிரேக்க எழுத்துகள்: இயோட்டா, ஏட்டா, சிக்மா. நடுவில் இருப்பது ‘எச்’ அல்ல, ‘ஏ’ என்ற உயிர். அதாவது ‘இயேஸ்’, இயேசூஸின் முதல் மூன்றெழுத்து.

ஆதிக் கிறிஸ்தவ எழுத்தர்கள் இந்தப் பெயரை முழுதாக எழுதமாட்டார்கள். இரண்டு அல்லது மூன்று எழுத்துகளை எழுதி மேலே ஒரு கோடு இழுப்பார்கள். 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய் கையெழுத்துப் படியின் படங்களைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கோடுகள் தெரியும். கிரேக்கம் படிக்கத் தெரியாதவரும் பக்கத்தில் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். 15-ஆம் நூற்றாண்டில் சியெனா நகரத்துப் புனித பெர்னார்தின் இந்த எழுத்துகளைக் கதிரவன் நடுவே வைத்துப் பரப்பினார். பின்னர் சேசு சபையினர் இதையே தங்கள் முத்திரையாக்கிக்கொண்டார்கள்.

888 என்ற எண்?

கிரேக்கத்தில் எழுத்துகளே எண்களும் ஆகும். இயேசூஸ்: 10, 8, 200, 70, 400, 200. கூட்டினால் 888. பழங்காலக் கிறிஸ்தவர்கள் இதில் மகிழ்ந்தார்கள். இதன்மேல் எந்த உபதேசத்தையும் கட்டவேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

கிறிஸ்து என்பது குடும்பப் பெயரா?

இல்லை, பட்டம். எபிரெயத்தில் மேசியா, அதாவது அபிஷேகம் பண்ணப்பட்டவர். அதன் கிரேக்க மொழிபெயர்ப்பு கிறிஸ்து. யோவான் 1:41 இதை வெளிப்படையாகவே சொல்கிறது. பெயரை ஒலிபெயர்த்தார்கள், பட்டத்தை மொழிபெயர்த்தார்கள்.

அப்படியானால் இனி யேஷுவா என்றுதான் ஜெபிக்க வேண்டுமா?

விரும்பினால் சொல்லுங்கள்; அழகான பெயர். கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அவரோடு நடந்தவர்களும், நடந்தவர்களிடம் கேட்டவர்களும் அவருடைய பெயரைக் கிரேக்கத்தில் எழுதினார்கள். அதற்காக ஒரு இடத்திலாவது மன்னிப்புக் கேட்டதில்லை. பெந்தெகொஸ்தே நாளில் ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பாஷையிலே கேட்டார்கள் என்றே எழுதியிருக்கிறது. சிலுவையின் மேல் பிலாத்து எழுதிவைத்த பலகையை எண்ணிப் பாருங்கள்: எபிரெயு, கிரேக்கு, லத்தீன் என்று மூன்று மொழிகளில் இருந்தது என்கிறார் யோவான். அவர் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய தலைக்கு மேல் அவர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது.

அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். அவனுடைய ஆச்சி கூப்பிட்டது சரியான ஆளைத்தான்.

இதே வேரிலிருந்து வந்த வேறு பெயர்கள் உண்டா?

உண்டு. ஓசியா தீர்க்கதரிசி, ஓசேயா என்ற அதே பெயர்தான். எலிசா: ‘என் தேவன் இரட்சிப்பு’. ஏசாயா என்ற பெயரில் யெஹோஷுவாவின் இரண்டு துண்டுகளும் இடம் மாறி நிற்கின்றன. மீட்பு முன்னால், தேவனுடைய பெயர் பின்னால்.

பெயரல்லாத ஒரு சொல்லும் உண்டு. நாம் குருத்தோலை ஞாயிறன்று பாடும் ஓசன்னா. எபிரெயத்தில் ‘ஹோஷியா நா’, “இரட்சியும்” என்ற கூப்பாடு. 118-ஆம் சங்கீதத்தில் வருவது. மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் அதைக் கூவிக்கொண்டு எருசலேமுக்குள் நுழைகிறார்கள். நகரம் கலங்கி, “இவர் யார்?” என்று கேட்கிறது. இரட்சியும் என்று கூவிய அதே வாய்கள், அதே வேரில் பிறந்த பெயரைப் பதிலாகச் சொல்கின்றன: நாசரேத்திலிருந்து வந்த யேஷுவா.